துடுப்பில் காது வைத்தவர்கள்

மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுவதைக் கேட்க ஒரு பழைய வழி இருக்கிறது. நிலவு நாளில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் விட்டு, மறுமுனையில் காதை வைப்பார்கள். 1848இல் இங்கு வந்த குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட்டும் தோணியின் மரத்தில் காதை வைத்தபோது ஒலி பெருகியதாக எழுதியிருக்கிறார். கண்ணுக்கு எட்டாத நீரை ஒலியால் அறியும் இதே வேலையை டொப்ளர் ஸ்கேன் உடம்புக்குள் செய்கிறது.

பிறந்ததிலிருந்தே ஒரு பிள்ளையின் காலில் நீலம் பூத்த, மெத்தென்ற வீக்கம் இருக்கிறது என்று வையுங்கள். அழுத்தினால் அமுங்கும், காலைத் தொங்கப்போட்டால் புடைக்கும். கருவில் உருவானபோதே சுவர்த்தசை சரியாக அமையாமல், பஞ்சுபோல் விரிந்துபோன நாளங்கள் அவை. நாடியோடு பிணைந்த குறைபாடென்றால் டொப்ளரில் இரத்தம் இரையும். இங்கே கிட்டத்தட்ட மௌனம். அந்த மௌனத்தைத்தான் நான் முதல் எச்சரிக்கையாக எண்ணுகிறேன்.

முகத்துவாரத்தை மணல் மூடிக்கிடக்கும் மாதங்களில் வாவி எப்படி அசையாமல் கிடக்கும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். விரிந்த அந்த நாளங்களிலும் இரத்தம் அப்படித்தான் தேங்குகிறது. தேங்கிய இரத்தம் உறையும். உடல் அதைக் கரைக்கும், மறுபடியும் உறையும். இது ஓயாமல் நடப்பதால் உறைவுக்கு வேண்டிய பைபிரினோஜன் என்னும் புரதம் குறைகிறது. உறைந்த இரத்தக்கட்டி கரைந்த துணுக்கான டி-டைமர் இரத்தத்தில் கூடுகிறது. இத்தகைய நோயாளிகளில் ஏறத்தாழ பத்தில் நால்வருக்கு டி-டைமர் உயர்ந்திருக்கிறது.

கரையாமல் தங்கிய கட்டிகளில் சுண்ணம் படிந்து, மிளகளவு உருண்டைக் கற்களாகின்றன. சாதாரண எக்ஸ்ரேயிலேயே அவை வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். எம்.ஆர்.ஐ. படத்தில் வெண்மையாக ஒளிரும் வீக்கத்துக்குள் கரிய வட்டங்களாக நிற்கும். எத்தனையோ வருடத்து உறைவுகள் விட்டுச்சென்ற தடயம் அது. விலை கூடிய கருவி எதுவுமில்லாமல், எக்ஸ்ரேயிலேயே இந்தக் கதை தெரியவருவது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

இனி நடக்கக்கூடியதைச் சொல்வதில் எம்.ஆர்.ஐ.யின் பங்கு பெரிது. வீக்கத்தின் கனவளவை அதில் அளக்கலாம். பரப்பு கூடக்கூட, தசைக்குள் ஆழமாக இறங்க இறங்க, டி-டைமர் உயர்ந்திருக்கும் வாய்ப்பும் கூடுகிறது. அடுத்ததாகப் பார்க்க வேண்டியது வடிகால். அகன்ற நாளமொன்று ஆழ்நாளத்தோடு சேர்ந்திருந்தால், கழன்ற கட்டி நேரே நுரையீரலுக்குப் போய்விடலாம். கிளிப்பெல்-ட்ரெனோனே நோயில், கருவிலேயே மறைந்திருக்க வேண்டிய ஒரு நாளம் காலின் வெளிப்பக்கமாக நீண்டு கிடப்பதுண்டு. அந்த ஆபத்து அங்கே மிக அதிகம்.

படம் மட்டும் போதாது. இரத்தப் பரிசோதனையோடு சேர்த்து வாசிக்க வேண்டும். டி-டைமர் கூடி, பைபிரினோஜன் குறைந்திருக்கும்போது சத்திரசிகிச்சை செய்தால், உறைவும் நிற்காத இரத்தப்போக்கும் ஒன்றாக வரக்கூடும். அதனால்தான் அப்படிப்பட்டவர்களுக்கு முன்கூட்டியே, உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போடத் தொடங்குகிறார்கள்.

மெத்தென்றிருந்த வீக்கத்தில் திடீரென ஓரிடம் கல்லாகி, பிள்ளை நோகுது என்று சொன்னால், அது புதிய உறைவாக இருக்கலாம். எண்ணெய் தடவி உருவிவிடாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். பழைய எக்ஸ்ரேயும் ஸ்கேன் படங்களும் வீட்டில் இருந்தால் அவற்றையும் எடுத்துச் செல்லுங்கள்.