பத்து நாடுகள் சேர்ந்து படித்த நெல்

நெல்லின் டி.என்.ஏ. முழுவதையும் எழுத்து விடாமல் படித்துவிட வேண்டும் என்ற முடிவு 1997 செப்டம்பரில் சிங்கப்பூரில் பிறந்தது. உலகமெங்குமிருந்து தாவர உயிரியலாளர்கள் கூடியிருந்த மாநாடு அது. நெல்லில் 12 குரோமோசோம்கள். அவற்றில் ஏறத்தாழ 39 கோடி எழுத்துகள். கோதுமையில் இது 1,600 கோடி. முக்கியத் தானியங்களுக்குள் நெல்லின் டி.என்.ஏ. தொகுதிதான் மிகச் சிறியது என்பதால் அதிலிருந்து தொடங்கினார்கள். அப்படியும், ஒரு தடவைக்குச் சில நூறு எழுத்துகளை மட்டுமே படிக்கத் தெரிந்த அன்றைய கருவிகளுக்கு அது மலைக்க வைக்கும் வேலை.

எனவே பங்கு போட்டுக்கொண்டார்கள். ஜப்பானின் சுகுபா நகரிலிருந்த ஆய்வுக் குழு, தகுஜி சசாகியின் தலைமையில் பெரும்பங்கை ஏற்றது. நான்காம் குரோமோசோம் சீனாவுக்கு, ஐந்தாவது தைவானுக்கு, பன்னிரண்டாவது பிரான்சுக்கு. பதினோராவதில் ஒரு பகுதி இந்தியாவுக்கு வந்தது; டெல்லிப் பல்கலைக்கழகத்தின் தெற்கு வளாகமும் பூசாவில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவன வளாகமும் அதைப் பகிர்ந்துகொண்டன. அமெரிக்கா, பிரிட்டன், தென்கொரியா, தாய்லாந்து, பிரேசில் ஆகியவற்றையும் சேர்த்துப் பத்து நாடுகள்.

நிபந்தனைகள் கறாரானவை. எல்லோரும் நிப்பான்பாரே என்ற ஒரே ஜப்பானிய ரகத்தையே படிக்க வேண்டும். இல்லாவிட்டால் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தாது. பத்தாயிரம் எழுத்துகளில் ஒன்றுக்கு மேல் பிழை இருக்கக்கூடாது. படித்ததைப் பூட்டி வைக்காமல் பொதுத் தரவுத்தளத்தில் போட்டுவிட வேண்டும். இந்த மூன்றாவது நிபந்தனைதான் பின்னால் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கியது. 2002-ல் சின்ஜெண்டா நிறுவனம் தன் சொந்த நெல் வரைவை 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டபோது, தரவைப் பொதுத் தளத்தில் வைக்காமல் தன் இணையதளத்திலேயே வைத்துக்கொண்டது. விஞ்ஞானிகள் பலர் வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பிறகு அந்தத் தரவு பத்து நாட்டுக் குழுவின் கைக்கு வந்தது. அதற்கு முன்பே மான்சாண்டோ நிறுவனமும் தன் வரைவைக் கொடுத்திருந்தது. 2005 ஆகஸ்ட்டில் 'நேச்சர்' இதழில் வெளியான முழு வாசிப்பு 37,544 மரபணுக்களை இனங்கண்டது. எழுத்து எழுத்தாக முழுமையாகப் படிக்கப்பட்ட முதல் உணவுப் பயிர் நெல்தான்.

ஆனால் வேண்டிய மரபணு எப்போதும் அந்த வாசிப்பில் இருக்கும் என்று சொல்ல முடியாது. இதற்கு ஒடிசாவிலிருந்து ஒரு சான்று உண்டு.

வெள்ளம் மூடினால் சாதாரண நெற்பயிர் காற்றைத் தேடி விறுவிறுவென்று உயரும். சேமித்து வைத்த மாவுச்சத்து முழுவதையும் அதிலேயே செலவழித்துவிட்டு, தண்ணீர் வடியும்போது துவண்டு அழுகிப்போகும். ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ என்ற பழைய ரகம் அப்படிச் செய்வதில்லை. தண்ணீருக்கடியில் வளர்ச்சியை நிறுத்திவிட்டு, இரண்டு வாரம் வரை தாக்குப்பிடித்து, வெள்ளம் வடிந்ததும் மறுபடி துளிர்க்கும். விளைச்சல் மட்டும் குறைவு. அதை உயர்விளைச்சல் ரகங்களோடு ஒட்டுச்சேர்க்கப் பல காலம் முயன்றார்கள். வெள்ளத்தைத் தாங்கும் குணத்தோடு வேண்டாத குணங்களும் சேர்ந்தே வந்தன. அந்தக் குணம் ஒன்பதாம் குரோமோசோமில் இருக்கிறது என்று 1996-ல் கெனோங் சூ, டேவிட் மக்கில் என்ற விஞ்ஞானிகள் காட்டினார்கள். பத்தாண்டுகள் கழித்து, பமீலா ரொனால்டும் உடன் சேர, சப்-1ஏ என்ற மரபணு பிடிபட்டது. பத்து நாடுகள் பாடுபட்டுப் படித்த நிப்பான்பாரேயில் அந்த மரபணுவே கிடையாது! அதன் அண்டை மரபணுக்கள் இருக்கின்றன, அது மட்டும் இல்லை. மணிச்சத்து குறைந்த மண்ணிலும் வேர் பரப்ப உதவும் இன்னொரு மரபணு 2012-ல் காசலத் என்ற பழைய இந்திய ரகத்தில் கண்டுபிடிக்கப்பட்டபோதும் இதே கதைதான். நிப்பான்பாரேயில் அதுவும் இல்லை.

ஒரு நெல்லைப் படித்தால் போதாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. சீன வேளாண் அறிவியல் கழகமும், பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனமும், ஷென்சென் நகரின் பி.ஜி.ஐ. நிறுவனமும் சேர்ந்து 89 நாடுகளைச் சேர்ந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நெல் ரகங்களைப் படித்து 2014-ல் எல்லோருக்கும் திறந்துவிட்டன. அதை அலசிய 2018-ம் ஆண்டு ஆய்வு, அதுவரை தெரியாத பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்களைக் காட்டியது. தலைமுறை தலைமுறையாக உழவர்கள் காப்பாற்றிய விதைகள் விதை வங்கிகளுக்கு வந்து சேராமல் போயிருந்தால் இது நடந்திருக்காது.

சப்-1ஏ கண்டுபிடிப்பு வயலுக்கு வர அதிக காலம் ஆகவில்லை. ஆந்திராவில் உருவாகி கிழக்கு இந்தியா முழுவதும் பரவிய சுவர்ணா ரகத்தில் சப்-1 சேர்க்கப்பட்டு, 2009-ல் உழவர்களுக்கு வெளியிடப்பட்டது. இது மரபணு மாற்றப் பயிர் அல்ல, வழக்கமான ஒட்டுச்சேர்க்கைதான். ஒவ்வொரு தலைமுறையிலும் எந்த நாற்றில் சப்-1 இருக்கிறது என்று டி.என்.ஏ. அடையாளம் வைத்துப் பொறுக்கினார்கள், அவ்வளவே. பங்களாதேஷுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் அவரவர் விரும்பும் ரகங்களில் அதே மரபணு சென்றது. தமிழ்நாட்டில் சம்பாப் பருவத்து ரகமான சி.ஆர்.1009-க்கும் இப்போது சப்-1 வடிவம் உண்டு. ஒடிசாவில் நடந்து 2013-ல் வெளியான ஓர் ஆய்வு, வெள்ளம் அதிகம் தேங்கும் தாழ்வான நிலங்கள் பட்டியல் சாதி மக்களிடமே கூடுதலாக இருப்பதால் சுவர்ணா சப்-1 அவர்களுக்கு அதிகம் பயன்படுகிறது என்று காட்டியது. விதை ஆராய்ச்சியின் பலன் முதலில் யாருக்குப் போய்ச்சேர வேண்டுமோ அவர்களுக்கே போய்ச்சேர்ந்தது அபூர்வம். இந்த முயற்சியில் மிகவும் மதிக்கத்தக்கது அதுவே.

விதை எல்லை தாண்டும்போது அதற்கு விதிகள் உண்டு. 2004-ல் நடைமுறைக்கு வந்த பயிர் மரபு வளங்களுக்கான சர்வதேச ஒப்பந்தம் அதற்காகவே ஏற்பட்டது. ஆனால் டி.என்.ஏ. எழுத்துகள் கணினிக் கோப்பாகப் பறக்கும்போது விதை நகரவே தேவையில்லை. அந்தக் கோப்பை வைத்துச் சம்பாதிப்பவர், விதையைக் காத்தவருக்கு என்ன தருவார்? 2022-ல் மாண்ட்ரியலில் உயிரினப் பன்மை மாநாட்டில் கூடிய நாடுகள் இதற்கொரு பொது ஏற்பாடு வேண்டும் என்று ஒப்புக்கொண்டன. அதன்படி 2025 பிப்ரவரியில் 'காலி (Cali) நிதி' தொடங்கப்பட்டது. இத்தகைய தரவால் பலனடையும் பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 1 சதவீதமோ வருவாயில் 0.1 சதவீதமோ தரலாம் என்பது ஏற்பாடு. அதில் பாதியாவது பழங்குடி மக்களுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் போக வேண்டும். ஆனால் தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பத்து நாட்டு விஞ்ஞானிகள் தங்கள் தரவைத் திறந்து வைப்பதை விருப்பத்துக்கு விடவில்லை, விதியாகவே எழுதினார்கள். எஃப்.ஆர்.13ஏ போன்ற விதைகளைக் காத்த உழவர்களின் பங்கும் அப்படி விதியாக எழுதப்பட வேண்டியது.