பயோடேட்டாவுக்கு மார்க் போடுங்கள்!
வேலை தேடும் வாலிபர்களுக்குத் தைரியம் கொடுக்கும் நோட்டுக் கணக்கு

சென்னையில் வேலை தேடும் வாலிபர்கள் எல்லோரும் ஒரே பல்லவிதான் பாடுகிறார்கள். "நூறு இடத்துக்கு மேல பயோடேட்டா அனுப்பியாச்சு. ஒரு போன்கூட வரலே!"

கிண்டி ஆலந்தூர் ரோட்டில் உள்ள வேலைவாய்ப்பு அலுவலக வளாகத்தில் தனியார் கம்பெனிகள் ஆள் எடுக்கும் முகாம் நடப்பது உண்டு. என்ஜினீயரிங் படித்தவர், ஐ.டி.ஐ. முடித்தவர், பிளஸ்-2 படித்தவர், குழந்தை வளர்ந்த பிறகு மறுபடி வேலைக்குப் போக நினைக்கும் பெண் என்று பலரும் வருவார்கள். எல்லோர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் பைல். பைலுக்குள் ஜெராக்ஸ் எடுத்த பயோடேட்டா. "ரெசியூம்" என்று இப்போது சொல்வதும் இதைத்தான்.

எத்தனை ஜெராக்ஸ் எடுத்தோம் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால், போன மாதம் இருந்ததை விட இந்த மாதம் அந்தத் தாள் எவ்வளவு தேறியிருக்கிறது? இந்தக் கேள்விக்குப் பலரிடம் பதில் கிடையாது.

கோளாறு அங்கேதான் இருக்கிறது.

தினமும் பூஜ்யம்

வேலை தேடுகிறவர் கையில் இருப்பது ஒரே ஒரு அளவுகோல். "வேலை கிடைத்ததா, இல்லையா?" என்பதுதான் அது. ஆர்டர் கைக்கு வரும் கடைசி நாள் வரை அதற்குப் பதில் "இல்லை" தான். ஆறு மாதம் தேடினால் சுமார் 180 நாளும் பூஜ்யம்! எப்பேர்ப்பட்ட தைரியசாலிக்கும் மனசு விட்டுப் போகும்.

மனசு விட்டுப் போனவர் மனு அனுப்புவதையே நிறுத்தி விடுகிறார். அல்லது விளம்பரத்தைப் படிக்காமலே கண்ட இடத்துக்கும் தட்டி விடுகிறார். இரண்டுமே வேலையைத் தள்ளிப் போடும்.

அமெரிக்காவில் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் பேராசிரியை தெரசா அமாபிலியும் அவரது கணவர் ஸ்டீவன் கிராமரும் ஒரு ஆராய்ச்சி நடத்தினார்கள். 7 கம்பெனிகளில் வேலை பார்த்த 238 பேர் தினமும் எழுதிய சுமார் 12 ஆயிரம் டைரிக் குறிப்புகளை அலசினார்கள். 2011-ம் ஆண்டில் அது புத்தகமாக வந்தது. மனிதனுக்கு அன்றாடம் உற்சாகம் கொடுப்பதில் முதல் இடம் பிடித்தது "வேலை கொஞ்சம் முன்னேறியிருக்கிறது" என்ற நினைப்புதான். சின்ன முன்னேற்றம் என்றாலும் போதும்!

வேலை தேடுவதும் ஒரு வேலைதானே! அதில் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் அளந்து பார்த்து எழுதி வைக்க வேண்டும்.

7 வினாடி பார்வை

பயோடேட்டா கம்பெனிக்குப் போனதும் என்ன ஆகிறது?

பெரிய கம்பெனிகளில் முதலில் அதைப் படிப்பது கம்ப்யூட்டர். விளம்பரத்தில் கேட்ட தகுதிகள் பயோடேட்டாவில் இருக்கின்றனவா என்று சாப்ட்வேர் தேடிப் பார்க்கிறது. பெட்டி, கட்டம், படம் என்று அலங்காரம் அதிகமானால் சில சாப்ட்வேர்களுக்கு எழுத்தே புரியாமல் போய் விடுவதும் உண்டு.

அதன் பிறகுதான் மனிதர் கண்ணில் படுகிறது. அமெரிக்காவின் "லேடர்ஸ்" என்ற வேலைவாய்ப்பு நிறுவனம், ஆள் எடுப்பவர்களின் கண் அசைவைக் கருவி வைத்து அளந்து பார்த்தது. முதல் பார்வையில் ஒரு பயோடேட்டாவுக்கு அவர்கள் ஒதுக்கிய நேரம் 2012-ம் ஆண்டு ஆய்வில் 6 வினாடி. 2018-ம் ஆண்டு ஆய்வில் 7.4 வினாடி. சிக்னலில் பச்சை விழுவதற்குள் பல பேர் கதை முடிந்து விடும்!

ஆகவே முக்கியமானது மேலே இருக்க வேண்டும். மோனாலிசா படம் வரைந்த லியோனார்டோ டாவின்சி, 1482-ம் ஆண்டு வாக்கில் இத்தாலியில் உள்ள மிலான் நகர ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்போர்சாவுக்கு வேலை கேட்டு ஒரு கடிதம் எழுதினார். அவர் பெரிய ஓவியர். ஆனாலும் கடிதத்தின் தொடக்கத்தில் ஓவியம் பற்றிப் பேச்சே இல்லை. பாலம் கட்டுவேன், பீரங்கி செய்வேன், கோட்டையைத் தகர்ப்பேன் என்று வரிசையாக எழுதினார். படம் வரையத் தெரியும் என்பது கடைசிப் பகுதியில்தான் வருகிறது. யுத்தத்துக்குத் தயாராக இருந்த ஆட்சியாளருக்கு எது தேவை என்று தெரிந்து எழுதிய பயோடேட்டா அது!

மார்க் போடுவது எப்படி?

ஒரு தாளில் 5 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 2 மார்க். மொத்தம் 10.

1. செல்போன் நம்பரும் இ-மெயில் விலாசமும் சரியா? பழைய நம்பரையே கொடுத்து விட்டு, போன் வரவில்லை என்று காத்திருப்பவர்களும் உண்டு.

2. முதல் வேலை தேடுகிறவருக்கு ஒரு பக்கத்துக்குள் அடங்குகிறதா?

3. விளம்பரத்தில் கேட்ட தகுதிகளில் உங்களிடம் உண்மையாகவே இருப்பவை எத்தனை? அவை எல்லாம் தாளில் இருக்கின்றனவா? விளம்பரத்தில் 8 கேட்டு, 6 உங்களிடம் இருந்து, தாளில் 3 மட்டும் இருந்தால் பாதி மார்க்தான்.

4. எண்ணிக்கையோடு எழுதிய வரிகள் எத்தனை? "கடின உழைப்பாளி" என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள். "ஜவுளிக்கடையில் தீபாவளி சீசனில் 2 மாதம் பில் போட்டேன். தினம் 150 பில்" என்று எழுதினால் முதலாளிக்கு ஆள் எப்படி என்று புரியும்.

5. எழுத்துப் பிழை எத்தனை? இதை எழுதியவரே பார்த்தால் தெரியாது. பக்கத்து வீட்டு அண்ணனிடமோ, காலேஜ் தோழியிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும்.

இன்று 4 மார்க் வாங்கிய தாள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை 7 மார்க் வாங்கலாம். யாரும் வேலை கொடுக்காத வாரத்திலும் 3 மார்க் ஏறியிருக்கிறது. தைரியம் இப்படித்தான் திரும்பி வரும்.

மார்க் ஏற வேண்டும் என்பதற்காகப் பொய்யை ஏற்றக் கூடாது. கம்பெனிகள் பழைய இடத்துக்குப் போன் போட்டு விசாரிக்கின்றன. போலி சர்டிபிகேட் என்றால் வேலை போவதோடு முடியாது. 2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா சட்டப்படி, ஏமாற்றும் நோக்கத்தோடு போலி ஆவணம் தயாரித்தால் 7 ஆண்டு வரை ஜெயில் தண்டனை உண்டு.

நோட்டில் 5 கட்டம்

தாளுக்கு மார்க் போட்டால் மட்டும் போதாது. அது வெளியே போய் என்ன செய்தது என்றும் பார்க்க வேண்டும். சாதாரண நோட்டு ஒன்றில் 5 கட்டம் போட்டால் போதும். தேதி, கம்பெனி, வேலை, எத்தனையாவது பயோடேட்டா, என்ன ஆயிற்று.

நாலாவது கட்டம்தான் முக்கியம். தாளைத் திருத்தும்போதெல்லாம் 1, 2, 3 என்று நம்பர் போட வேண்டும்.

ஒரு உதாரணம் பார்ப்போம். டிப்ளமோ படித்த வாலிபர் ஒருவர் முதல் பயோடேட்டாவை 20 இடத்துக்கு அனுப்புகிறார். போன் பூஜ்யம். தாளைத் திருத்தி, 2-வது பயோடேட்டாவை 20 இடத்துக்கு அனுப்புகிறார். 1 போன். இன்னொரு முறை திருத்தி, அம்பத்தூர் எஸ்டேட், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தன் படிப்புக்குப் பொருத்தமான 20 இடத்தைத் தேடி அனுப்புகிறார். 4 போன். வேலை இன்னும் கிடைக்கவில்லை. "வேலை கிடைச்சுதா?" என்று கேட்டால் இப்போதும் பதில் "இல்லை" தான். ஆனால் நோட்டைப் பார்த்தால் பூஜ்யம், 1, 4 என்று ஏறுமுகம்!

கோளாறு எந்த இடத்தில் என்பதையும் நோட்டு காட்டிக் கொடுக்கும். அனுப்பி அனுப்பிப் போனே வரவில்லை என்றால் தாளில் கோளாறு. அல்லது பொருத்தம் இல்லாத வேலைக்கு மனுப் போடுகிறார். போன் வருகிறது, இண்டர்வியூவில் தட்டிப் போகிறது என்றால் தாளின் மேல் பழி போடக் கூடாது. பேச்சுப் பழக்கம்தான் தேவை. இது தெரியாமல், இண்டர்வியூவில் தடுமாறுகிறவர் தினமும் பயோடேட்டாவையே திருத்திக் கொண்டிருப்பார்!

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இரண்டு இடத்தில் பதில் வரவில்லை என்றதும் தாளைக் கிழித்துப் போடக் கூடாது. ஒரு போன் வந்ததும் துள்ளிக் குதிக்கவும் கூடாது. அதிர்ஷ்டமாகக்கூட இருக்கலாம். 15, 20 இடத்துக்குப் போன பிறகுதான் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால், எது பலித்தது என்று தெரியாது.

"உங்கள் ரெசியூமுக்கு 100-க்கு 92 மார்க்" என்று காட்டும் ஆன்-லைன் கருவிகளும் இருக்கின்றன. எழுத்துப் பிழை பார்க்க அவை உதவும். ஆனால் அந்த 92-ஐ எந்த முதலாளியும் கேட்பது இல்லை. அதற்காகப் பணம் கட்டத் தேவையும் இல்லை.

மோசடிக் கும்பல்

நம்பிக்கை போனவர்களைத்தான் மோசடிக் கும்பல் வலை போட்டுப் பிடிக்கிறது.

"உங்க ரெசியூம் செலக்ட் ஆயிடுச்சு. ரிஜிஸ்டிரேஷனுக்கு ரெண்டாயிரம் கட்டுங்க" என்று போன் வரும். அடுத்து யூனிபாரம், டிரெயினிங், லேப்டாப் டெபாசிட் என்று நீளும். கம்பெனி சீல் வைத்த ஆர்டர்கூட வரும். நேரில் போய்ப் பார்த்தால் அப்படி ஒரு ஆபீசே இருக்காது. ஆறு மாதம் ஒரு போனும் வராதவருக்கு அந்தக் குரல் தெய்வ வாக்காகத் தெரிகிறது. அம்மா நகையை அடகு வைத்துப் பணம் கட்டி விடுகிறார்.

வெளிநாட்டு மோசடி இதை விட பயங்கரம். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழக வாலிபர்கள், மியான்மர் நாட்டின் மியாவாடி பகுதிக்குக் கடத்தப்பட்டார்கள். அங்கே அவர்களை ஆன்-லைன் மோசடி வேலை செய்யச் சொல்லிச் சித்ரவதை செய்தார்கள். அவர்களில் 13 பேர் மீட்கப்பட்டு 2022 அக்டோபரில் சென்னை வந்து சேர்ந்தார்கள்.

இங்கேயும் நோட்டு உதவும். போன் வந்ததும் நோட்டைப் புரட்டுங்கள். அந்தக் கம்பெனிக்கு மனுவே போடவில்லை என்றால் உஷார்! பணம் கேட்டால் போனை வைத்து விடலாம். ஏமாந்து விட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்ய வேண்டும். சைபர் குற்றங்களில் பறிபோன பணத்தைத் தடுத்து நிறுத்த ஏற்படுத்தப்பட்ட நம்பர் இது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

பெற்றோர் கவனத்துக்கு

சாயங்காலம் வீடு திரும்பும் மகனிடமோ மகளிடமோ, "என்னப்பா, ஏதாவது கிடைச்சுதா?" என்று கேட்பது வழக்கம். பாசத்தில் கேட்கும் கேள்விதான். ஆனால் அதற்கு அவர்களிடம் இருப்பது ஒரே பதில். அதைத் தினமும் வாயால் சொல்ல வேண்டியிருப்பது பெரிய தண்டனை. அந்தக் கேள்விக்குப் பயந்து ராத்திரி 10 மணிக்கு மேல் வீட்டுக்கு வருகிறவர்கள் உண்டு.

கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கலாம். "இன்னிக்கு நோட்டுல என்ன எழுதினே? எங்கே, காட்டு பார்க்கலாம்!"

"ரெண்டு இடத்துக்கு அனுப்பினேம்மா. நாலாவது பயோடேட்டா. போன வாரம் அனுப்பினவங்க நாளைக்கு நேர்ல வரச் சொல்லியிருக்காங்க" என்று பதில் வந்தால், அன்று ராத்திரி இருவருக்குமே சாப்பாடு இறங்கும்.