கவசத்துக்கு உரிய இடம்

எரியும் கட்டடத்துக்குள் நுழையும் தீயணைப்பு வீரரின் உயிரைக் காப்பதற்கென உருவான உடையும் தலைக்கவசமும் சுவாசக் கருவியும் தீயின் முன் நிற்கும் நேரம் மிகக் குறைவு. தம் ஆயுளின் பெரும்பகுதியை அவை நிலையத்தின் அடுக்குகளிலும் வண்டியின் உள்ளேயுமே கழிக்கின்றன. தீயை அவை எந்த அளவுக்குத் தாங்கும் என்று சோதித்துச் சான்றளிக்கும் முறைகள் வலுவாக வளர்ந்தபோதும், வண்டிக்குள் அவற்றை எங்கே, எப்படி வைப்பது என்ற கேள்வி நெடுங்காலம் அந்தந்த நிலையத்தின் பழக்கத்துக்கே விடப்பட்டிருந்தது. அமெரிக்கத் தீயணைப்பு உலகம் கடந்த சில பத்தாண்டுகளில் இந்தக் கேள்வியை எதிர்கொண்டபோது இரண்டு ஆபத்துகள் தெளிவாயின. தீ நிகழ்ந்த இடத்துக்குச் செல்லும் வழியில், பிணைக்கப்படாத கருவி வீரரின் மேல் பாயும் எறிபொருளாக மாறக்கூடும். திரும்பும் வழியில், புகை படிந்த உடை அவர் மூச்சில் கலக்கும் நஞ்சாக மாறக்கூடும். ஆகவே கவசத்தை வைக்கும் முறையும் அந்தக் கவசத்தின் ஒரு பகுதியே என்று கொள்வதுதான் பொருந்தும்.

வீரர் சுமக்கும் பொருள்கள்

கட்டடத் தீயை அணைக்கச் செல்லும் வீரரின் மேலுடையும் கால்சட்டையும் மூன்று அடுக்குகளால் ஆனவை. வெப்பத்தையும் கிழிசலையும் எதிர்க்கும் வெளியடுக்கு, நீரும் வேதிப்பொருள்களும் உட்புகாமல் தடுக்கும் நடுவடுக்கு, வெப்பம் உடலை எட்டாமல் தாமதப்படுத்தும் உள்ளடுக்கு ஆகிய மூன்றும் சேர்ந்தே பாதுகாப்பைத் தருகின்றன. வெளியடுக்கு பெரும்பாலும் அராமிட் வகை இழைகளால் நெய்யப்படுகிறது. 1965இல் டூபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெபனி குவோலெக் கண்டறிந்த கெவ்லர் இந்த வகையைச் சேர்ந்தது. இவற்றுடன் தலைக்கவசம், முகத்தையும் கழுத்தையும் மூடும் துணிக்கவசம், கையுறை, காலணி, முதுகில் சுமக்கும் காற்றுச் சிலிண்டரோடு கூடிய சுவாசக் கருவி ஆகியவற்றையும் சேர்த்தால் மொத்த எடை 20 கிலோவைத் தாண்டிவிடும். அந்தச் சிலிண்டரில் காற்று சுமார் 310 பார் அழுத்தத்தில், அதாவது சாதாரண வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 300 மடங்கில் அடைக்கப்பட்டிருக்கும். எடை மிகுந்த, அழுத்தம் நிறைந்த இத்தகைய பொருள்களோடு நான்கு முதல் ஆறு பேர் ஒரு சிறிய அறைக்குள் அமர்ந்து, நெரிசலான சாலையில் விரைவாகச் செல்ல வேண்டியிருக்கிறது என்பதே இச்சிக்கலின் தொடக்கம்.

செல்லும் வழியில்

ஓடும் வண்டி எதிலேனும் மோதி நிற்கும்போது, வண்டியோடு பிணைக்கப்படாத பொருள் எதுவும் நிற்பதில்லை. மோதலுக்கு முன் வண்டி எந்த வேகத்தில் சென்றதோ அதே வேகத்தில் அது முன்னோக்கிப் பாய்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியில் 3 கிலோ எடையுள்ள கோடரி ஒன்று இருக்கைக்குப் பின்னால் சாத்தி வைக்கப்பட்டிருந்தால், மோதலின்போது அது முன்னிருப்பவரைத் தாக்கும் விசையும் மூன்று மாடி உயரத்திலிருந்து அவர் மேல் விழுந்தால் ஏற்படும் விசையும் ஏறத்தாழ ஒன்றே. வண்டி புரளும்போது ஆபத்து எல்லாத் திசைகளிலிருந்தும் வருகிறது. உயரமான உடலமைப்பும் தொட்டியில் அலைபாயும் நீரும் கொண்ட தீயணைப்பு வண்டி, வளைவுகளில் புரளும் வாய்ப்பு மிகுந்தது. அமெரிக்காவில் பணியின்போது உயிரிழக்கும் வீரர்களின் மரணக் காரணங்களில் வாகன விபத்து நெடுங்காலமாகவே முக்கிய இடம் பெற்று வருவதையும் இதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

1896இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் வெளியிடும் தரநிலைகள் இந்த ஆபத்தை எண்களால் அளந்து கட்டுப்படுத்த முயல்கின்றன. இத்தரநிலைகள் தாமாகவே சட்டமாகிவிடுவதில்லை என்றாலும், வண்டி வாங்கும் துறைகளும் அதைக் கட்டும் நிறுவனங்களும் பொதுவாக அவற்றையே அளவுகோலாகக் கொள்கின்றன. வீரர்கள் வண்டியின் பின்படியில் நின்றுகொண்டு பயணம் செய்த பழைய வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்து, எல்லோரும் மூடிய அறைக்குள் இருக்கை வார் அணிந்து அமர வேண்டும் என்ற நிலை 1980களின் பிற்பகுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் உருவாயிற்று. வெளியே தொங்கிக்கொண்டிருந்தவர்கள் உள்ளே வந்தது பெரும் முன்னேற்றம்தான். ஆனால் அவர்களோடு கருவிகளும் உள்ளே வந்தன என்பதால், அவற்றைப் பிணைப்பது அடுத்த கடமையாயிற்று.

தீயணைப்பு வண்டிகளுக்கான 1901 என்னும் எண்ணுடைய தரநிலை, 2024ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து 1900 என்னும் எண்ணுடைய விரிந்த தரநிலையின் பகுதியாகிவிட்டது. அது வகுத்த விதியின்படி, வீரர்கள் அமரும் அறைக்குள் வைக்கப்படும் கருவி, தாழிடப்பட்ட மூடிய பெட்டிக்குள் இருக்க வேண்டும் அல்லது உறுதியான பிடிப்பானில் மாட்டப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பெட்டியும் பிடிப்பானும் வண்டியின் நீளவாக்கில் 9 ஜி விசையையும் பிற திசைகளில் 3 ஜி விசையையும் தாங்க வேண்டும். ஒரு ஜி என்பது புவி ஒரு பொருளை ஈர்க்கும் இயல்பான விசை, அதாவது அப்பொருளின் எடை. 12 கிலோ சுவாசக் கருவியின் மேல் 9 ஜி விசை செயல்படும்போது அதன் பிடிப்பான் 108 கிலோ எடையைத் தாங்குவதற்கு நிகரான நிலைக்கு உள்ளாகிறது. ஒன்றரைக் கிலோ தலைக்கவசம்கூட அந்தக் கணத்தில் பதின்மூன்றரைக் கிலோவாகக் கனக்கும். வெறும் அழுத்தத்தால் சிலிண்டரைக் கவ்விக்கொண்டிருக்கும் சாதாரண வில்கவ்விகள் அன்றாட அதிர்வுகளைத் தாங்கினாலும் மோதலின்போது கைவிட்டுவிடக்கூடும் என்பதால், சுவாசக் கருவியின் பிடிப்பானில் இயந்திரப் பூட்டு இருக்க வேண்டும் என்றும், அந்தப் பூட்டு விழாவிட்டால் கருவி பிடிப்பானில் நிற்கவே கூடாது என்றும் தரநிலை கூறுகிறது. பூட்ட மறந்தால் கருவி உடனே கழன்று வந்து அந்த மறதியைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

இருக்கையின் முதுகுப் பகுதியிலேயே சுவாசக் கருவியைப் பொருத்தும் அமைப்பு பல நாடுகளில் பரவலாக உள்ளது. வீரர் அமர்ந்தபடியே தோள்வார்களுக்குள் கைகளை நுழைத்துக்கொண்டு, வண்டி நின்றதும் விடுவிப்பு நெம்பை இழுத்துவிட்டு எழுந்தால் கருவி அவர் முதுகோடு வந்துவிடும். அமர்ந்த நிலையிலேயே அந்த நெம்பு கைக்கு எட்ட வேண்டும் என்ற விதியும் உண்டு. எட்டாவிட்டால் வண்டி நிற்கும் முன்பே இருக்கை வாரைக் கழற்றும் பழக்கம் வந்துவிடும். தடித்த உடையின் மேல் இருக்கை வாரை மாட்டுவது கடினம் என்பதும் வாரைத் தவிர்ப்பதற்கு ஒரு காரணமாக இருந்தது. வண்டி உற்பத்தியாளர்களின் சங்கம் வீரர்களின் உடலளவுகளை முழு உடையோடு அளந்து பார்த்த பின்னர், நீளமான வார்களும் எளிதில் கண்ணில் படும் சிவப்பு நிற வார்களும் 2009ஆம் ஆண்டுத் தரநிலைக்குள் வந்தன.

தலைக்கவசத்தைப் பற்றிய விதி பலருக்கும் வியப்பளிக்கலாம். இருக்கையில் அமர்ந்திருக்கும்போது தலைக்கவசம் அணியக்கூடாது என்ற அறிவிப்பு ஒவ்வோர் இருக்கையிலிருந்தும் தெரியும்படி ஒட்டப்பட வேண்டும் என்கிறது அந்தத் தரநிலை. மேலிருந்து விழும் பொருள்களையும் வெப்பத்தையும் தடுப்பதற்காக வடிவமைக்கப்பட்ட இந்தக் கவசம், சாலை மோதலுக்காக வடிவமைக்கப்பட்டதன்று. அதன் அகன்ற பின்விளிம்பு இருக்கையின் தலைத்தாங்கியில் இடித்துத் தலையை முன்னே தள்ளுவதோடு, கழுத்தின் மேல் சுமையையும் கூட்டுகிறது. அணியக்கூடாது என்றால் அதை வைக்க ஓர் இடம் வேண்டும். மடியிலோ தரையிலோ வைத்த தலைக்கவசமும் எறிபொருளே என்பதால், அதற்கும் பூட்டக்கூடிய தனிப் பிடிப்பானோ மூடிய பெட்டியோ தேவைப்படுகிறது.

திரும்பும் வழியில்

தீ அணைந்து வீரர்கள் வண்டியில் ஏறும்போது ஆபத்தின் வடிவம் மாறுகிறது. இன்றைய வீடுகளில் நிறைந்திருக்கும் நெகிழி, நுரைமெத்தை, செயற்கைத் துணி ஆகியவை எரியும்போது வெளிவரும் புகையில் பென்சீன், ஹைட்ரஜன் சயனைடு போன்ற வாயுக்களும், பல்வளைய அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்கள் எனப்படும் கரிமச் சேர்மங்களும் உள்ளன. பின்னவற்றுள் சில புற்றுநோயை உண்டாக்குபவை. கரித்தூளோடு ஒட்டிக்கொண்டு துணியின் இழைகளுக்குள் புகும் இச்சேர்மங்கள் தோலின் வழியாகவும் உடலுக்குள் செல்லக்கூடியவை. எளிதில் ஆவியாகும் பொருள்களோ தீ அணைந்த பின்னும் உடையிலிருந்து சிறிது சிறிதாக வெளியேறிக்கொண்டிருக்கின்றன. சன்னல்கள் மூடிய அறைக்குள் நான்கு பேர் அத்தகைய உடையோடு அமர்ந்து திரும்பும்போது, தீயிடத்தில் சுவாசக் கருவியால் தவிர்த்த நஞ்சை அவர்கள் கருவியின்றியே சுவாசிக்க நேர்கிறது. இருக்கைத் துணியில் படியும் கரி அடுத்த பணிக்கு வருபவரையும் சென்றடைகிறது.

இந்த அக்கறைக்கு வலுவான சான்றுகள் உள்ளன. சிகாகோ, பிலடெல்பியா, சான் பிரான்சிஸ்கோ ஆகிய நகரங்களில் பணியாற்றிய சுமார் 30,000 வீரர்களின் பதிவுகளை ஆராய்ந்த அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் நலவாழ்வுக்கான தேசிய நிறுவனம், பொதுமக்களோடு ஒப்பிடுகையில் அவர்களிடையே புற்றுநோய் கண்டறியப்படுவது 9 விழுக்காடும், புற்றுநோய் மரணம் 14 விழுக்காடும் மிகுந்திருப்பதைக் கண்டது. உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, 2022இல் தீயணைப்புப் பணியைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. அந்தப் பிரிவில் இடம்பெறுவதன் பொருள், மனிதர்களில் புற்றுநோய் விளைவிப்பதற்குப் போதுமான சான்று உண்டு என்பதாகும்.

சான்று இருப்பதுபோலவே தீர்வும் இருக்கிறது. கென்னத் ஃபென்ட் தலைமையிலான ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட முடிவுகளின்படி, தீயிடத்திலேயே உடையின் மேல் சவர்க்கார நீரைத் தெளித்துத் தேய்த்துக் கழுவினால் மேற்பரப்பில் படிந்த பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் சுமார் 85 விழுக்காடு குறைகின்றன. உலர்ந்த தூரிகையால் தேய்த்தால் 23 விழுக்காடும், காற்றை ஊதிச் சுத்தம் செய்தால் 2 விழுக்காடு மட்டுமே குறைகின்றன. கழுவிய உடையையும் வீரர் அணிந்தபடி திரும்பாமல், காற்றுப்புகாத பையில் இட்டு, வண்டியின் வெளிப்புறப் பெட்டியறையில் வைத்துச் சலவைக்கு எடுத்துச் செல்வதே அடுத்த படி. சுவீடனின் ஷெலெஃப்டியோ நகரில் உருவாகி உலகெங்கும் பேசப்படும் நடைமுறை, அசுத்தமான உடையும் கருவியும் ஆட்கள் அமரும் அறைக்குள் வரவே கூடாது என்ற இந்த ஒழுங்கைத்தான் அடிப்படையாகக் கொண்டது.

விரைவா, தூய்மையா?

இதிலிருந்து பிறந்ததே தூய அறைக் கொள்கை. சுவாசக் கருவி, உடை, கைக்கருவிகள் அனைத்தையும் வெளிப்புறப் பெட்டியறைகளுக்கு மாற்றிவிட்டு, வீரர்கள் அமரும் அறையில் துடைக்க எளிதான வழுவழுப்பான இருக்கைகளை மட்டும் வைப்பது இதன் முழு வடிவம். இப்படிச் செய்தால் எறிபொருள் ஆபத்தும் நஞ்சின் ஆபத்தும் ஒருசேரக் குறைகின்றன. ஆனால் சுவாசக் கருவியை இருக்கையிலேயே அணிந்துகொண்டு இறங்குபவரைவிட, இறங்கிப் பெட்டியறையைத் திறந்து எடுத்து அணிபவருக்குக் கூடுதல் நேரம் தேவைப்படும். உள்ளே ஒருவர் சிக்கியிருக்கையில் அந்த நேரம் விலைமதிப்பற்றது என்று மறுப்பவர்களின் வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. போகும்போது உடையும் கருவியும் தூய்மையாக இருக்கின்றன என்பதை நினைவில் கொண்டால் இரு தரப்புக்கும் இடையே வழி பிறக்கிறது. போகும்போது கருவி இருக்கையில் பூட்டப்பட்டிருக்கலாம். திரும்பும்போது அதே கருவி கழுவப்பட்டு வெளிப்புறப் பெட்டியறைக்குச் செல்ல வேண்டும். இதற்கு வண்டியில் ஒரே கருவிக்கு இரண்டு இடங்களை ஒதுக்க வேண்டியிருக்கும், அதை வண்டி வாங்கும்போதே திட்டமிட வேண்டும்.

தன்னார்வலரின் கார்

அமெரிக்க வீரர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். அழைப்பு வந்ததும் வீட்டிலிருந்து நேராகப் புறப்படும் அவர்களில் பலர் கவச உடையைச் சொந்தக் காரிலேயே வைத்திருக்கின்றனர். குழந்தைகள் அமரும் இருக்கையின் அருகே கரி படிந்த உடை கிடந்தால், தொழிலின் நஞ்சு குடும்பத்துக்கும் பகிரப்படுகிறது. காரின் சன்னல் வழியே விழும் வெயிலும் கேடு செய்கிறது. அராமிட் இழைகள் நெருப்பைத் தாங்கினாலும், சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள் தொடர்ந்து பட்டால் வலுவிழந்து எளிதில் கிழியும் தன்மையை அடைகின்றன. ஈரத்தோடு மூடி வைத்த உடையில் பூஞ்சை பிடிக்கிறது. எண்ணெய், எரிபொருள் ஆகியவற்றின் அருகே வைத்த உடை அவற்றை உறிஞ்சித் தீப்பற்றும் ஆபத்தைத் தேடிக்கொள்கிறது. ஆகவே கழுவி உலர்ந்த உடையை, ஒளிபுகாத பையில், பயணிகள் அமரும் பகுதிக்கு வெளியே, பிற கருவிகளோடு கலவாமல் வைக்க வேண்டும். காற்றுப்புகாத பை அழுக்கு உடையைச் சலவைக்குக் கொண்டுசெல்வதற்கு மட்டுமே ஏற்றது. தயாரிக்கப்பட்ட நாளிலிருந்து 10 ஆண்டுகளில் உடையைப் பணியிலிருந்து விலக்க வேண்டும் என்ற விதி முறையாகப் பேணிய உடைக்கும் பொருந்தும். பேணாத உடை அதற்கு முன்பே தன் வலுவை இழந்துவிடும்.

பொறுப்பு யாருடையது?

இந்த ஒழுங்குகளில் பெரும்பாலானவற்றை வீரரின் கவனத்தை மட்டும் நம்பி நடைமுறைப்படுத்த முடியாது. களைத்துத் திரும்பும் ஒருவர் அழுக்கு உடையைக் கழற்றிப் பையில் இட வேண்டும் என்றால், அவருக்கு மாற்றி அணிய இரண்டாவது உடை ஒன்று இருக்க வேண்டும்; சில ஆயிரம் டாலர் விலையுள்ள உடையைத் தலைக்கு இரண்டாக வாங்கத் துறைக்கு நிதி வேண்டும். பிடிப்பான் பூட்டிக்கொள்ள வேண்டும் என்றால், விலை குறைந்த வில்கவ்வியை விட்டுச் சோதித்துத் தேறிய பிடிப்பானை வாங்கும் முடிவு, வண்டிக்கான ஒப்பந்தம் எழுதப்படும் மேசையிலேயே எடுக்கப்பட வேண்டும். தேய்த்துக் கழுவ வாளியும் சவர்க்காரமும் போதும், ஆனால் அதற்கெனப் பத்து நிமிடம் ஒதுக்கும் அதிகாரியின் உறுதி அதைவிட இன்றியமையாதது. தீயணைப்புத் துறைக்கு எத்தனை வண்டிகள் வாங்கப்பட்டன என்று கேட்கும் குடிமக்கள், அந்த வண்டிகளுக்குள் ஒவ்வொரு கவசத்துக்கும் பூட்டிய இடம் உண்டா, ஒவ்வொரு வீரருக்கும் மாற்றுடை உண்டா என்றும் கேட்க வேண்டும். பிறரைக் காப்பதற்காகத் தீக்குள் செல்பவருக்கு அங்கே நேரும் ஆபத்தை முழுவதுமாக நீக்க எவராலும் இயலாது. செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும் காத்திருக்கும் ஆபத்தைப் பெருமளவு நீக்க முடியும், அது அவரை அனுப்பும் சமூகத்தின் கடமை.