வாசலில் ஒரு மைதானம்

கொலம்பியாவின் ஈகன் பெர்னால் 2019இல் டூர் டி பிரான்ஸ் சைக்கிளோட்டத்தை வென்றபோது, அவரை வளர்த்த மலைப்பாதைகளும் சேர்ந்தே பேசப்பட்டன. அப்படிப் பார்த்தால், தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே கிடக்கும் சுமார் 30 கிலோமீற்றர் பாக்கு நீரிணைக் கடல்தான் மன்னாரின் மைதானம். 1966இல் வங்காளத்து மிஹிர் சென் அதை 25 மணி 36 நிமிடத்தில் நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையை 51 மணி நேரத்தில் நீந்திப் போய்த் திரும்பினார். 2021இல் இலங்கை நீச்சல் வீரர் ரொஷான் அபேசுந்தர 28 மணி 19 நிமிடத்தில் போய்வந்தார்.

இது சாகசம்தானே, விளையாட்டா என்று கேட்பவர்கள் உண்டு. நீரோட்டம் கைகொடுத்தால் போதுமே என்பார்கள். கைகொடுக்கும் நீரோட்டமே திசைமாற்றி இழுத்தும் போகும். துணைப்படகைப் பிடித்து இளைப்பாற முடியாது, நீட்டப்படும் உணவை மிதந்தபடியே உண்ண வேண்டும், கடிகாரம் நிற்காது. விதியும் நேரக்கணக்கும் உள்ள இடத்தில் விளையாட்டு இருக்கிறது. ஆனால் இந்த மூவரும் மன்னார்க்காரர் அல்லர். கடல் மட்டும் வீரரை உருவாக்கிவிடாது. பயிற்றுநரும் பாதுகாப்புப் படகும் வேண்டும். தலைமன்னார்ப் பிள்ளைகளுக்கு அவற்றைக் கொடுங்கள். கடல் ஏற்கெனவே அவர்கள் வாசலில் இருக்கிறது.