பரண்மேல் பித்தளை, தரையில் பிளாஸ்டிக்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் தோல் பதனிடும் ஆலைகளையும் காலணித் தொழிற்சாலைகளையும் நம்பி வாழும் குடும்பங்களில் பல, ஒரு முற்றத்தையும் ஒரு குழாயையும் பகிர்ந்துகொள்ளும் வரிசை வீடுகளிலும் கூட்டுக் குடும்ப வீடுகளிலும் குடியிருப்பதால், அவ்வீடுகளின் சேமிப்பில் அரிசிக்கும் துணிமணிக்கும் முன்னால் தண்ணீரே இடம் பிடித்துக்கொள்கிறது. குழாயில் நீர் வரும் நாளும் நேரமும் உறுதியில்லாத ஊரில், வந்தபோது பிடித்து அடுத்த முறை வரும்வரை காக்க வேண்டியிருக்கிறது. அப்படிக் காக்கப்படும் நீருக்கு வீட்டினுள் என்ன நேர்கிறது என்பதை அளந்து பார்த்த ஓர் ஆய்வு வேலூரிலேயே நடந்து 2004-இல் வெளியாகியிருந்தும், அதன் முடிவுகள் அடுக்களை வரை போய்ச் சேரவில்லை என்றே சொல்ல வேண்டும்.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் அதை மேற்கொண்டனர். பின்னர் 2019-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ககன்தீப் காங் அவர்களுள் ஒருவர். ஏரி நீரையும், வறண்ட ஆற்றுப் படுகையின் அடியிலிருந்து இறைக்கப்படும் நீரையும் கலந்து அன்று நகருக்கு விட்டுவிட்டு வழங்கி வந்தனர். சுத்திகரிக்கப்பட்டது என்ற பெயரில் வந்த அந்த நீரின் மாதிரிகள் அனைத்திலும், புதிதாக இறைத்த நிலையிலேயே கிருமிகள் இருந்தன. வீடுகளில் 1 முதல் 9 நாள் வரை வைக்கப்பட்டபின் மீண்டும் சோதித்தபோது, 37 வீடுகளில் 25-இல், அதாவது மூன்றில் இரண்டு பங்கு வீடுகளில், கிருமிகளின் அளவு முன்பைவிடக் கூடியிருந்தது. ஆனால் பித்தளைப் பாத்திரத்தில் வைத்த நீரில் மட்டும் அது குறைந்திருந்தது; வேறு எந்தப் பொருளாலான பாத்திரத்திலும் அந்தக் குறைவு தென்படவில்லை. இதை உறுதிப்படுத்திக்கொள்ள, மலக்கலப்பைக் காட்டும் குடல்வாழ் பாக்டீரியாவான ஈ.கோலையை 100 மில்லி லிட்டருக்கு ஆயிரம் முதல் ஒரு லட்சம் வரை நீரில் கலந்து, பலவகைப் பாத்திரங்களில் ஊற்றி ஆய்வகத்திலும் சோதித்தனர். அங்கும் பித்தளையே வென்றது.

வீட்டில் வைத்த நீர் கெடுவதற்கு வழிகள் பல உண்டு. விட்டுவிட்டு வழங்கும் முறையில் குழாயின் அழுத்தம் இறங்கும்போது, வெடிப்புகள் வழியே வெளியிலுள்ள கழிவுநீர் உள்ளே கசிகிறது; கிருமியைக் கொல்வதற்காகச் சேர்க்கப்படும் குளோரினில் வினைபுரியாது எஞ்சி நிற்கும் பகுதி, லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்று இந்தியத் தர அளவு கூறினாலும், குடத்தில் நிற்க நிற்க அது தேய்ந்து போகிறது. இவற்றைவிட எளிய வழி, அகன்ற வாயுள்ள பாத்திரத்தில் கைவிரல் நனைய டம்ளரை விட்டு மொள்வதுதான். பல குடும்பங்கள் புழங்கும் வீட்டில் ஒரே அண்டாவுக்குள் எத்தனை கைகள் போய்வரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. 1991-இல் தென் அமெரிக்காவைக் காலரா தாக்கியபின், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையங்கள் பரிந்துரைத்த குடிநீர்க் கலன், கை நுழையாத குறுகிய வாயும் மூடியும் அடியில் திருகு குழாயும் கொண்டதாக அமைந்ததற்கு இதுவே காரணம். குறுகிய கழுத்துடைய நம் குடமும், அதிலிருந்து சாய்த்து ஊற்றும் வழக்கமும் இந்த வடிவத்துக்கு வெகு அருகில் இருக்கின்றன.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகக் கலவை. அதன் பரப்பிலிருந்து மிக நுண்ணிய அளவில் செம்பு, மின்னேற்றம் பெற்ற அணுக்களாக, அதாவது அயனிகளாக, நீரில் கரைகிறது. இந்த அயனிகள் பாக்டீரியாவின் மேலுறையைச் சிதைத்து, உள்ளே புகுந்து, அதன் புரதங்களிலுள்ள கந்தகப் பகுதிகளோடு பிணைந்து நொதிகளைச் செயலிழக்கச் செய்கின்றன. செம்பு இவ்வாறு மிகச் சிறிய அளவிலேயே நுண்ணுயிரை அழிப்பதைப் பாசிகளில் கண்டறிந்த சுவிட்சர்லாந்துத் தாவரவியலர் கார்ல் வில்ஹெல்ம் ஃபொன் நேகெலியின் ஆய்வு, அவர் மறைந்தபின் 1893-இல் வெளிவந்தது. 2012-இல் பெங்களூரு ஆய்வாளர்கள், செம்புப் பானையில் 16 மணி நேரம் வைத்த நீரில், முன்பே கலந்துவிட்டிருந்த வயிற்றுப்போக்குக் கிருமிகளை மீட்டெடுக்க முடியாமற்போனதையும், நீரில் கரைந்த செம்பு உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பான லிட்டருக்கு 2 மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருந்ததையும் பதிவு செய்தனர்.

இந்த வினைக்கு நேரம் தேவைப்படுவதால், பாத்திரங்களை அடுக்கும் முறையும் அதற்கேற்ப மாற வேண்டியிருக்கிறது. ஒரே குடத்தில் குறையக் குறைய ஊற்றி நிரப்பினால் புதுநீர் பழைய நீருடன் கலந்து, கிருமி சாக வேண்டிய காலம் கிடைக்காமலே தொண்டைக்குள் இறங்கிவிடும். இரண்டு குடங்களை வைத்து, ஒன்று ஓய்ந்திருக்க மற்றொன்றிலிருந்து ஊற்றிக் குடிப்பது எளிய தீர்வு. முந்தின நாள் நீரைப் பழசு என்று முற்றத்தில் கொட்டிவிட்டுப் புதுநீர் பிடிக்கும் பழக்கம் பிளாஸ்டிக் குடத்துக்குப் பொருந்தலாம். பித்தளைக் குடத்தைப் பொறுத்தவரை அது தூய்மையான நீரைக் கொட்டிவிட்டுத் தூய்மை குறைந்த நீரைப் பிடிப்பதாகும். கடின நீரின் உப்புப் படிவு உட்புறத்தை மூடிவிட்டால் உலோகம் நீரைத் தொடாது. புளியிட்டுத் துலக்கும் வேலை அந்தத் தொடர்பை மீட்டுத் தருகிறது. சமையலுக்காக உள்ளே வெள்ளீயம் பூசிய பாத்திரம் இதற்கு உதவாது. மாறாக, பூச்சில்லாத பாத்திரத்தில் மோரையோ புளித்தண்ணீரையோ வைத்தால், அமிலம் செம்பை அளவுக்கு மீறிக் கரைத்துவிடும்.

பெரும்பாலான வீடுகளில் நிலைமை தலைகீழாக இருக்கிறது. சீராக வந்த பித்தளைக் குடமும் தவலையும் பளபளப்புக் குறையாமல் பரணில் அடுக்கப்பட்டிருக்க, அல்லது அவசரச் செலவுக்கு எடைக்குப் போடப்பட்டிருக்க, குடிநீர் தரையிலுள்ள பிளாஸ்டிக் குடத்தில் நிற்கிறது. பிளாஸ்டிக் குடத்தின் எடைக்குறைவு, குழாயடியிலிருந்து சுமந்து வரும் பெண்களுக்கு உண்மையான ஆறுதல் என்பதை மறுப்பதற்கில்லை. சுமப்பதற்குப் பிளாஸ்டிக், வைப்பதற்குப் பித்தளை என்று பிரித்துக்கொள்வதில் தடையும் இல்லை.

குளிக்கவும் துவைக்கவும் நிரப்பும் டிரம்களும் சிமெண்டுத் தொட்டிகளும் வேறொரு சிக்கலைக் கொண்டுள்ளன. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு, நீர்மட்டத்தைச் சற்றே ஒட்டிய உட்சுவரில் முட்டையிடுகிறது. அம்முட்டைகள் காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மீண்டும் நீர் பட்டவுடன் பொரிக்கின்றன. முட்டை கொசுவாக வளர ஏறத்தாழ 8 முதல் 10 நாள் ஆகும் என்பதால்தான் வாரம் ஒருமுறை காலி செய்யச் சொல்கிறார்கள். ஆனால் நீரை வெறுமனே கொட்டி மறுபடி நிரப்புவதால் பயனில்லை, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். யாருக்கும் சொந்தமில்லாத பொதுத் தொட்டியை யார் தேய்ப்பது என்பதில்தான் பகிர்ந்து வாழும் வீடுகள் தடுக்கி விழுகின்றன. வீட்டுக்கொரு வாரம் என முறை வைத்துக்கொள்ளாத முற்றத்தில் அது நடப்பதேயில்லை.

பித்தளையால் ஆகாதவையும் உண்டு, இந்த வட்டாரத்தில் அவை முக்கியமானவை. பச்சைத் தோல் அழுகாதிருக்க உப்பிட்டு வைக்கப்பட்டு, ஆலையில் முதல் ஊறலின்போது அந்த உப்பில் பெரும்பகுதி கழிவுநீரில் இறங்குகிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 28.8.1996 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாவதையும், தோல் ஆலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதையும் பதிவு செய்கிறது. இவ்வாறு நிலத்தடி நீரில் கலந்த உப்பையும், தோல் பதனிடப் பயன்படும் குரோமியத்தையும் எந்தக் குடமும் நீக்காது; கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகி உப்பின் செறிவு கூடவே செய்யும். மேட்டூரிலிருந்து காவிரி நீர் கொண்டுவரப்பட்டதும், 20 லிட்டர் கேன் தண்ணீர் வாசல்தோறும் இறங்குவதும் இந்தப் பின்னணியில்தான். சவ்வின் வழியே அழுத்தி வடிகட்டி உப்பு நீக்கப்பட்ட கேன் தண்ணீரில் தாதுக்கள் குறைவாதலால், அது சாதாரண நீரைவிட எளிதாகச் செம்பைக் கரைக்கும். ஆகவே அதைப் பித்தளைக் குடத்தில் ஊற்றி வைப்போர், ஓரிரவுக்கு மேல் தேங்கவிடாமல் அன்றன்றைக்குத் தேவையான அளவை மட்டும் ஊற்றிக்கொள்வது நல்லது.