மாட்டுக் கொட்டகையில் கோழி வளர்க்கப் போறீங்களா? மழைக்கு முன்னாடி இதைப் படிங்க!

மாடுகளை விற்றுவிட்ட வீடுகளில் கொட்டகை மட்டும் அப்படியே நிற்கும். உர மூட்டை, விறகு, ஓடாத சைக்கிள் என்று ஏதாவது அடைந்து கிடக்கும். ‘சும்மா கிடக்குற இடத்துல பத்து நாட்டுக்கோழி விடலாமே’ என்று ஊரில் இருக்கும் பெற்றோரும், வார இறுதியில் ஊருக்குப் போகும் பிள்ளைகளும் யோசிப்பது சகஜம். யோசனை நல்லதுதான். சிக்கல் தொடங்குவது அக்டோபரில்.

வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்ததும் பலரும் செய்வது ஒன்றுதான். நாலு பக்கமும் தார்பாயை இழுத்துக் கட்டிவிடுவார்கள். சாரல் வராது, குளிர் அடிக்காது, பார்க்கப் பத்திரமாக இருக்கும். ஆனால் சில நாட்களில் கோழிகள் தும்மும், கண்ணில் நீர் வடியும், சில ரத்தமாகக் கழியும். ஒரு சொட்டு மழைகூட உள்ளே வராமலேயே இவ்வளவும் நடக்கும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது?

கோழியிடமிருந்தேதான். வளர்ந்த கோழி ஒன்று நாளுக்குக் கால் லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். பத்து கோழி என்றால் இரண்டு லிட்டருக்கு மேல். அதில் பெரும்பகுதி மூச்சாகவும் எச்சமாகவும் கொட்டகைக்குள்ளேயே வெளியேறுகிறது. புது எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர்தான். காற்று போக வழியில்லாவிட்டால் இந்த ஈரம் தரையில் தங்கும், எச்சம் அழுகி அமோனியா வாயு கிளம்பும். அந்த வாயு 25 பிபிஎம் அளவைத் தாண்டினால் கோழியின் சுவாசக் குழாயும் கண்ணும் பாதிக்கப்படும். ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் கிருமிக்கும் ஈரமும் வெதுவெதுப்பும்தான் வேண்டும்.

ஆக, மழைக்குத் தாங்கும் கொட்டகை என்றால் எல்லாப் பக்கமும் மூடிய கொட்டகை இல்லை. கீழே மூடி, மேலே திறந்திருக்க வேண்டும்.

தார்பாயைத் தலைகீழாகக் கட்டுங்க

நம் ஊரில் திரையை மேலே கட்டிக் கீழே தொங்கவிடுவதுதான் வழக்கம். கோழிக்கு இது அப்படியே நேர்மாறு. தார்பாயின் கீழ் விளிம்பைச் சுவரோடு அல்லது தூணோடு சேர்த்து அடித்துவிட்டு, மேல் விளிம்பைக் கயிற்றால் ஏற்றி இறக்குவது போல அமைக்க வேண்டும். அடைமழையிலும் கூரைக்குக் கீழே ஓரடி இடைவெளி திறந்தே இருக்கட்டும். சூடான ஈரக்காற்று அந்த வழியாக வெளியேறும். கோழிகள் இரவில் அடையும் கம்பு இரண்டு, மூன்று அடி உயரத்தில் இருந்தால் வாடைக்காற்று அவற்றின் மேல் நேராக அடிக்காது.

‘அந்த இடைவெளி வழியா சாரல் வராதா?’ வரும், கூரை குட்டையாக இருந்தால். அதனால் மழை அடிக்கும் பக்கம் கூரையை மூன்றடி வரை வெளியே நீட்ட வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் சாரல் பெரும்பாலும் வடக்கு, கிழக்குப் பக்கங்களில்தான் அடிக்கும். காசு குறைவாக இருந்தால் அந்தப் பக்கங்களை மட்டும் முதலில் பாருங்க. நீட்டிய கூரையைக் காற்று தூக்கிவிடும் என்பதால் முட்டுக்கால் கட்டாயம். 2018 கஜா புயலைப் பார்த்த டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. புயல் எச்சரிக்கை வந்த இரவில் மட்டும் கோழிகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வீட்டுத் திண்ணைக்கோ, உள்ளேயோ கொண்டுவந்துவிடுவது நல்லது.

கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் என்றால் அதை அறுக்கவோ துளை போடவோ வேண்டாம். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆபத்து. அதன் கீழேயே தனிச் சட்டம் அமைத்து, தகரத்தையோ கீற்றையோ வெளியே நீட்டிக்கொள்ளலாம்.

மாட்டுக் கொட்டகையில் ஒரு லாபம்

தரை ஏற்கெனவே சரிவாக இருக்கும், கோமியம் ஓட வாய்க்காலும் இருக்கும். கழுவிவிட வசதி. ஆனால் அந்த வாய்க்கால்தான் பெருச்சாளிக்கும் பாம்புக்கும் ராஜபாட்டை. அது வெளியேறும் இடத்தில் அரை அங்குலக் கண் கொண்ட வெல்டு மெஷ் அடித்துவிட வேண்டும். கடையில் ‘கோழிவலை’ என்று கேட்டால் அறுகோணக் கண் உள்ள மெல்லிய வலையைத் தருவார்கள். அது கோழியை உள்ளே வைத்திருக்கும், கீரியையும் நாயையும் வெளியே வைத்திருக்காது. கூரைக்குக் கீழே விடும் இடைவெளிக்கும் வெல்டு மெஷ்தான் வேண்டும். மரநாய் மேலே ஏறித்தான் வரும்.

பழைய தீவனத் தொட்டியை இடிக்க வேண்டாம். ஓரடி அகலத்துக்கு ஒரு தடுப்பு வைத்து வைக்கோல் பரப்பினால் முட்டையிடும் பெட்டி ரெடி. நாலைந்து கோழிக்கு ஒரு பெட்டி போதும். சுவர் விரிசல்களை மட்டும் விட்டுவிடாதீங்க. பகலில் கோழி உண்ணி ஒளிந்திருக்கும் இடம் அதுதான். சிமென்ட் வைத்து அடைத்து, சுண்ணாம்பு அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகே கோழிகளை விட வேண்டும்.

தரையில் நெல் உமி, கடலைத் தோல், மரத்தூள் என எது மலிவோ அதை மூன்று அங்குலத்துக்குப் பரப்பித் தினமும் கிளறிவிட வேண்டும். ஒரு பிடி அள்ளி அழுத்திப் பாருங்க. உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். அந்த இடத்தை மட்டும் அள்ளிவிட்டுப் புதிதாகப் போடலாம். தண்ணீர்த் தட்டு இருக்கும் இடம்தான் பெரும்பாலும் மாட்டும்.

எத்தனை கோழி விடலாம்?

இரவில் மட்டும் அடையும் கோழிக்கு இரண்டு சதுர அடி போதும் என்பார்கள். அந்தக் கணக்கில் 10-க்கு 12 அடி கொட்டகையில் 60 கோழி விடலாம். ஆனால் தொடர்மழையில் அவை பகலிலும் உள்ளேதான் நிற்கும். எனவே 30-ஐத் தாண்டாமல் இருப்பதே புத்திசாலித்தனம். மழை வருவதற்கு முன்பே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி பற்றிக் கேட்டுவிடுங்க. மாநகராட்சி, நகராட்சிப் பகுதி என்றால் கோழி வளர்ப்பு விதிகளையும் கேட்டுக்கொள்வது நல்லது.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு சின்ன சோதனை. மழை பெய்யும் இரவில் கொட்டகைக்குள் போய், கோழி நிற்கும் உயரத்துக்குக் குத்தவைத்து மூச்சை இழுங்க. கண் எரிந்தால், தார்பாயை இன்னும் அரையடி இறக்குங்க.