பழவேற்காடும் பழம்பீரங்கிக் குண்டுகளும்: சேகரிப்பு ஆர்வமும் சான்று மதிப்பும்

முன்னுரை

பழங்காலத் தோட்டாக்களையும் பீரங்கிக் குண்டுகளையும் சேகரிக்கும் ஆர்வம் உலகின் பல நாடுகளில் காணப்படுகிறது. டச்சுக்காரர்களின் கோட்டையும் வெடிமருந்து ஆலையும் இருந்த பழவேற்காடு, அவ்வார்வத்தை ஈர்க்கும் ஊராகும். சேகரிப்பாளர் நோக்கும் ஆய்வாளர் நோக்கும் வேறுபடும் இடத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

வரலாற்றுப் பின்புலம்

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1610இல் இங்கு வணிக நிலையம் நிறுவியது. 1613இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. 17ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த ஆலை வெடியுப்பு, கந்தகம், கரி ஆகியவற்றைக் கொண்டு வெடிமருந்து செய்து, கம்பெனியின் கீழ்த்திசை நிலையங்களுக்கும் கப்பல்களுக்கும் வழங்கியது. 1690இல் கம்பெனியின் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாறியது. 1825இல் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று.

கண்டெடுத்த இடமே சான்று

வார்ப்பிரும்புக் குண்டின் விட்டமும் எடையும் அது எவ்வகைப் பீரங்கிக்குரியது என்பதை உணர்த்தும். எய்தவர் யார், எப்போது எய்தார் என்பதை அவை உணர்த்தா. அதனைக் கிடைத்த இடமும் உடன் கிடைத்த பொருள்களுமே காட்டும். இடம் மறைந்த குண்டு சேகரிப்பாளருக்கு விலைபெறும். ஆய்வாளருக்கு அது வெறும் இரும்பே.

இவ்விடத்தைக் குறிப்பதற்கு ஏரி மீனவரின் பாடு முறை பெரிதும் பயன்படும். முறைவைத்து வலையிடும் நீர்ப்பரப்புகளை அவர்கள் துல்லியமாக அறிவர். வலையில் பழம்பொருள் சிக்குமாயின், எந்தப் பாட்டில் சிக்கியது என்று பதிவதே முதற்சான்றாகும்.

காப்பும் சட்டமும்

உவர்நீரில் கிடந்த இரும்பை அப்படியே உலரவிட்டால், உள்ளேறிய உப்பு அதனை வெடிக்கச் செய்து உதிர்த்துவிடும். உப்பு நீக்கும்வரை நீரிலேயே வைத்தல் வேண்டும். முழு இரும்புக் குண்டில் மருந்து இராது. உட்கூடுள்ள குண்டில் இருக்கலாம். நனைந்த கருமருந்து உலர்ந்தபின் மீண்டும் தீப்பற்றக்கூடும். ஆதலின் ஐயத்திற்குரிய குண்டைத் தொடாது காவல்துறைக்கு அறிவித்தலே முறை.

1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம், தொல்பொருளுக்குப் பொதுவாக நூறாண்டு அகவையை வரையறுத்து, தனியார் ஏற்றுமதியைத் தடுக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் கப்பல் சென்னைமீது வீசிய குண்டுகளும் அவ்வெல்லையைக் கடந்துவிட்டன. எனினும் அகவை கூடுவதால் வெடிக்காத குண்டின் தீங்கு நீங்குவதில்லை. வெடிமருந்துள்ள பொருளை 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டமும் கட்டுப்படுத்துகிறது.

முடிவுரை

சேகரிப்பாளர் பொருளைக் காக்கிறார், இடத்தை இழக்கிறார். மீனவரின் பாட்டறிவை ஆய்வாளர் பதிவுசெய்வாராயின், பழவேற்காட்டின் வரலாறு விலைப்பொருளாகச் சிதறாமல் சான்றாக நிலைபெறும்.